கிளிப் போட்ட கடைசித் தாள்

அவர் ஒரு கோப்பைத் தேநீரை முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. அடியில் ஒரு மிடறு எப்போதும் கிடக்கும். சீனி போதாமலோ ஆறிப்போனதாலோ அல்ல. ஊதி ஊதி ரசித்துத்தான் குடிப்பார். அந்தக் கடைசி மிடறு வந்ததும் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எனக்கோ மிச்சம் வைப்பவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கறிச்சட்டியில் ஒட்டியதைக்கூடச் சோறு போட்டுப் பிரட்டித் தின்று வளர்ந்தவள் நான்.

"அண்ணை, உந்தக் கடைசி மிடறு ஆருக்கு? சுவாமிக்கோ, கோப்பை கழுவுற எனக்கோ?"

"கிடக்கட்டும் தங்கச்சி. பேந்து குடிப்பன்."

அந்தப் பேந்து, அந்தப் 'பிறகு', ஒரு நாளும் வந்ததில்லை. நான்தான் ஊற்றிவிட்டுக் கழுவுவேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அவர் எங்கள் பின்னறைக்குக் குடிவந்தார். மொன்றியலில் குளியலறையை அரை என்று கணக்குப் பண்ணுவார்கள். எங்கள் வீடு நாலரை. நானும் கணவரும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. வைத்தியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் மாதா மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னறை சும்மா கிடந்தது. அதைப் பிள்ளைக்கென்று வைத்திருக்கிறோம் என்று யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்ததால் வாடகைக்கு விட்டோம்.

அவர் மன்னார்ப் பக்கம். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. ஒரு தட்டுக்கு ஒரு பாண், ஒரு வெண்ணெய், ஒரு முள்ளுக்கரண்டி. அங்கே எதுவும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பார். அப்படி எட்டு மணி நேரம் அளந்து வைத்துவிட்டு வருபவர், வீட்டுக்குள் கால் வைத்ததும் எல்லாவற்றிலும் ஒரு துண்டு மிச்சம் விடத் தொடங்கிவிடுவார்.

சனிக்கிழமைகளில் என் கணவரும் நண்பர்கள் இரண்டு பேரும் அவரோடு முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். கையில் கடைசிச் சீட்டு மட்டும் இருக்கும்போது அதை மேசையில் கவிழ்த்து வைத்து, "மிச்சம் வாற சனி பாப்பம்" என்பார். "உதென்ன கோதாரி விளையாட்டு!" என்று என் கணவர் குதிப்பார். வீடியோக் கடையில் எடுத்து வந்த படம் ஓடும். கதாநாயகன் வில்லனின் கதவை உதைத்துத் திறக்கப் போகும் நேரம் பார்த்து அவர் குளிக்கப் போவார். முடிவை யாராவது சொல்ல வாயெடுத்தால் குளியலறைக் குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவார்.

வெளி இரும்புப் படிக்கட்டில் பனி வழிக்கவும் அவர்தான் போவார். நேர்த்தியாக வழிப்பார். ஆனால் கடைசிப் படியில் பனி அப்படியே இருக்கும். கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் ஓர் இத்தாலியக் கிழவர். ஒருமுறை அந்தக் கடைசிப் படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டு, தன் மொழியில் உள்ள வசவு எல்லாவற்றையும் எங்கள் கதவைப் பார்த்துக் கொட்டினார். அதன் பிறகு அந்த ஒரு படியை மட்டும் நான் வழித்தேன்.

தன் அறைக்குத் தானே வெள்ளை கலந்த மஞ்சள் பூசினார். மூன்று சுவருக்கு. நான்காவது சுவர் பழைய அழுக்கு நிறத்திலேயே நின்றது.

"பூச்சு முடிஞ்சுதோ அண்ணை?" என்று கேட்டேன், தகரத்தில் பாதி பூச்சு தளம்புவதைப் பார்த்துக்கொண்டே.

"இல்லை. அதுக்குப் பிள்ளை வந்து நிறம் சொல்லட்டும்."

பிள்ளை என்றது அவருடைய மகளை. மனைவியும் மகளும் மன்னாரில் இருந்தார்கள். மகள் நடை பழகும் வயதில் விட்டுவிட்டு வந்தவர். அவருடைய அகதிக் கேஸ் ஒருமுறை தள்ளுபடியாகி, திரும்பப் போட்டு, பதில் வராமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. கேஸ் சரிவந்தால்தான் குடும்பத்தைக் கூப்பிட ஸ்பொன்சர். ஸ்பொன்சர் சரிவந்தால்தான் நான்காவது சுவர்.

ஞாயிறு காலைகளில் அவர் ஊருக்குப் போன் எடுப்பார். அங்கே அப்போது மாலை. தாயும் மகளும் கடைத்தெருவில் கொமினிகேசன் என்ற தொலைபேசிக் கடைக்குப் போய் வாங்கில் குந்தியிருந்து அழைப்புக்குக் காத்திருப்பார்கள். இங்கே எங்கள் தொலைபேசி குசினிச் சுவரில், சுருள் வயரோடு. அதன் கீழே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்தபடி, எனக்கு முதுகு காட்டி உட்காருவார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பேன். கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, பெரிய குரலில் கத்திக் கதைப்பார். கீழ்வீட்டு நாய்கூடக் காதை நிமிர்த்தும்.

அவருடைய மிச்சம் வைக்கும் வியாதி எங்கே தொடங்கியது என்று ஒருநாள் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வர முன்பு, தெருமூலையில் இருந்த தெப்பானர் கடையில் ரெலிபோன் கார்ட் வாங்கி எடுத்துக் கதைத்திருக்கிறார். மகளுக்கு அப்போது மூன்றோ நாலோ வயது. ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தபோது கார்ட் முடிந்து, சொல்லின் பாதியில் லைன் அறுந்துவிட்டது. வேறு கார்ட் வாங்க ஓடியிருக்கிறார், கடை பூட்டியிருந்தது. அடுத்த ஞாயிறு மனைவி சொன்னா, அப்பா கோபத்தில் போனை வைத்துவிட்டார் என்று பிள்ளை கிழமை முழுக்க அழுததாம்.

"அண்டைக்குத்தான் விளங்கினது தங்கச்சி. மெசின் அறுக்கிறதுக்கு முதல் நான் நிப்பாட்டிப்போட வேணும். மிச்சம் வாற ஞாயிறு எண்டு சொல்லிப்போட்டு வச்சால் பிள்ளை அழாது. மிச்சம் இருக்கெண்டால் ஆள் திரும்ப வரும் எண்டு பிள்ளைக்குத் தெரியும்."

அதைக் கேட்ட அன்று நான் அவருடைய கோப்பையை ஏசாமல் கழுவினேன். அடுத்த நாள் வழமைபோல ஏசினேன்.

அந்தப் படப்புத்தகம் வந்தது ஓர் இலையுதிர் காலத்தில். வீட்டுக்காரரின் மனைவியை எல்லோரும் சின்யோரா என்போம். பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பழைய விளையாட்டுச் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுப் படிக்கட்டடியில் வைத்திருந்தா. வேலையால் வந்த அவர் அதற்குள் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். பெரிய அட்டை. மூலைகள் எல்லாம் ஏதோ குழந்தை கடித்த அடையாளம். எழுத்து இத்தாலிய மொழி. எங்கள் இரண்டு பேருக்கும் ஓர் எழுத்தும் விளங்காது. ஆனால் படங்கள்! ஒரு மலைக்கிராமத்துக் கல்வீடு. அதில் கைமுட்டி அளவு ஒரு குட்டி ஆள், தலையில் சிவப்புத் தொப்பி. மனிதன் இல்லை, வீட்டோடு இருக்கும் ஒரு குறும்புப் பேய். செருப்புகளை மாற்றி வைக்கிறான். குதிரையின் பிடரியைப் பின்னி முடிச்சுப் போடுகிறான். கிழவர் கொட்டாவி விடும்போது விளக்கை ஊதி அணைக்கிறான். தங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இப்படி ஒருவன் இருந்தான் என்று சின்யோரா அரைகுறைப் பிரெஞ்சில், நெஞ்சில் கை வைத்துச் சொன்னா. அதைச் சொன்னபோது அவ சிரிக்கவில்லை.

சில தாள்களுக்குப் பிறகு, அந்தக் குடும்பம் ஒரு மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்படுகிறது. கட்டில், கோழிக்கூடு, சுருட்டிய மெத்தை, தக்காளி நிரம்பிய ஒரு பெரிய செப்புப் பானை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிறுமி. அதற்குப் பிறகு வந்த படங்களில் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. பாலம், சந்தை, பனி மலை, கடற்கரை. சிவப்புத் தொப்பிக்காரனைக் காணவில்லை.

அவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவனை விட்டிட்டுப் போட்டினம்" என்றார்.

பிறகு உடுப்புக் காயப்போடும் நீல நிறக் கிளிப் ஒன்றை என்னிடம் வாங்கி, புத்தகத்தின் கடைசித் தாளையும் பின்னட்டையையும் சேர்த்துக் கவ்வ வைத்தார்.

"முடிவைப் பாக்கேல்லையோ?"

"பாத்தால் குரல் காட்டிக் குடுத்திடும். பிள்ளை கெட்டிக்காரி, பிடிச்சிடுவாள்."

அந்த ஞாயிறு கதை தொடங்கியது. மகள் அவனுக்குத் தொப்பியன் என்று பெயர் வைத்தாள். அவள் கேட்பது எனக்குக் கேட்காது. அவர் திருப்பிக் கத்துவதிலிருந்து ஊகித்துக்கொள்வேன்.

"தொப்பியன் எங்கையோ? இந்தப் படத்தில இல்லையம்மா. படத்தின்ர ஓரம் இருக்கெல்லே, அதுக்கு அங்கால வாறான்... இல்லையில்லை, கனதூரம் இல்லை. கூப்பிடு தூரம்தான்... கூப்பிட்டவன், வண்டிச் சத்தத்தில அவைக்குக் கேக்கேல்லை... குளிருமோ? ஓம், குளிரும். ஆனால் தொப்பி இருக்குத்தானே... சரியம்மா, மிச்சம் வாற ஞாயிறு."

வெங்காயம் வெட்டுவதில் ஒரு வசதி உண்டு. கண் துடைத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிறுக்கு ஒரு தாள் என்று புரட்டியிருந்தால் கதை ஒரு குளிர்காலத்தில் முடிந்திருக்கும். அவரோ ஒரு படத்தை மாதக்கணக்காகச் சொன்னார். அந்தப் பாலத்தைக் கடக்கத் தொப்பியனுக்கு எங்கள் தெருவில் பனி கொட்டி, உருகி, மரம் துளிர்க்கும் வரை எடுத்தது. பாலத்தடியில் ஒரு வயதான தவளை, தவளைக்கு ஒரு வழக்கு, அந்த வழக்குக்கு ஒரு நீதவான், நீதவான் தீர்ப்பை ஒத்திப்போட்டுவிட்டார் என்றெல்லாம் படத்தில் இல்லாத ஆட்களைக் கொண்டுவந்தார். தன் கேஸ் ஒத்திவைக்கப்பட்ட கிழமைகளில்தான் அந்த நீதவான் வருவார் என்பது எனக்குப் பிறகு பிடிபட்டது.

"புத்தகத்தைப் பார்சலில அனுப்பிவிட்டால் பிள்ளை படத்தையும் பாக்குமே அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

அவர் பதறிப்போனார். "அனுப்பினால் ஒரு நாளில பாத்து முடிச்சிடுவாள். பேந்து நான் என்னத்தைக் கதைக்கிறது? சாப்பிட்டியோ, படிச்சியோ எண்டு கேட்டால் ரெண்டு நிமிசத்தில கதை முடிஞ்சுபோம். என்ர முகம் அவளுக்குத் தெரியாது தங்கச்சி. அவளுக்கு நான் எண்டால் உந்தத் தொப்பியன்ர கதைதான்."

இதற்குப் பிறகு நான் எப்படி அந்த முடிவைக் கேட்பது? ஆனால் எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. சனிக்கிழமையே மனம் நாளைக்கு என்ன என்று அரிக்கத் தொடங்கிவிடும். பிள்ளை இல்லாத வீட்டில், ஞாயிறு காலையில் மட்டும், ஒரு பிள்ளைக்கென்று ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மன்னாரில் ஒருத்தி, மொன்றியலில் ஒருத்தி, இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாமவளைப் பற்றி அவருக்குத் தெரியுமோ தெரியாது.

ஓகஸ்ட் கடைசியில் கீழ்வீட்டுக்காரர்கள் கராஜுக்குள் தக்காளி காய்ச்சுவார்கள். பின்னொழுங்கை முழுக்க அதன் வாசம். கூடை கூடையாகத் தக்காளி வந்து இறங்கும். அவர் ஓய்வுநாளில் இறங்கிப்போய் அரைக்கும் மெசினின் கைப்பிடியைச் சுற்றிக் கொடுப்பார். அப்படி ஒருநாள், நானும் பக்கத்தில் நிற்க, சின்யோரா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தி, தலையில் கூம்புத் தொப்பி வைத்ததுபோல விரல்களைக் குவித்துக் காட்டினா. தொப்பியனைப் பற்றித்தான் சொல்கிறா என்று விளங்கியது. பிறகு கொதித்துக்கொண்டிருந்த பெரிய பானையின் விளிம்பில் அகப்பையால் இரண்டு தட்டுத் தட்டி, "இசி, இசி!" என்றா. பிரெஞ்சில் 'இங்கே' என்று அர்த்தம்.

முடிவைச் சொல்லப் போகிறா என்ற பயத்தில் அவர் இரண்டு காதையும் தக்காளிக் கையால் பொத்திக்கொண்டு படிக்கட்டில் ஏறி ஓடிவிட்டார். தொப்பியன் கதையை விட்டுவிட்டு அடுப்புக்கு வந்துவிட்டா, சோஸ் பதம் பார்க்கச் சொல்கிறா என்று நான் நினைத்து, ஒரு கரண்டி எடுத்து ஊதி நக்கி, "மெர்சி, மெர்சி" என்றேன். சின்யோரா பானையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தா. நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு பெரிய மண்டுகள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வருடங்கள் போயின. அவருடைய கேஸ் சரிவந்தது. ஸ்பொன்சருக்குப் போட்டார். அங்கே சண்டை மறுபடி மூண்டது. சில ஞாயிறுகளில் கொமினிகேசன் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளிருக்காது. அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி, புத்தகத்தை மடியில் விரித்தபடி, பனி மலைப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தலைமுடி கொட்டி, முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. எங்களுக்கும் பிள்ளை வரவில்லை. வைத்தியரிடம் போவதை நிறுத்தியிருந்தோம்.

மகளும் வளர்ந்தாள். கதையில் குறுக்கே கேள்வி கேட்டவள், பிறகு சும்மா உம் கொட்டினாள் போல. அவர் கதையைச் சொல்லிவிட்டு, "கேக்கிறியோம்மா? லைன் இருக்கோ?" என்று கேட்பது கூடிக்கொண்டு வந்தது.

"பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசாச்சு. அவளுக்கு இனி உந்தப் படப்புத்தகம் சரிவருமோ தங்கச்சி?"

சரிவரும் என்றேன். எனக்கு அது பொய் என்று தெரியும். அவருக்கும் தெரியும். அன்றும் கோப்பையில் ஒரு மிடறு மிச்சம் இருந்தது.

பனி உருகும் காலத்தில் அவர்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் காரில்தான் டோர்வல் போனோம். இத்தனை வருடம் அந்த விமான நிலையத்தைச் சுற்றி வேலை செய்தவருக்கு, ஆட்கள் வெளியே வரும் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மனைவி அவரைக் கண்டதும் அழத் தொடங்கினா. மகள் தாயின் பின்னால் நின்றாள். உயரமான பிள்ளை. இரட்டைப் பின்னல். அவர் கையை நீட்டினார். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தன் பையை அதில் கொடுத்தாள்.

பின்னறையில் மூன்று பேரும் இருந்தார்கள். எந்த நிறம் பூசுவம் என்று அவர் நான்காவது சுவரைக் காட்டிக் கேட்டார். "உங்கட விருப்பம்" என்றாள். அவரிடம் ஏதும் சொல்ல வேண்டுமென்றால் தாய் வழியாகத்தான். "அம்மா, அவரிட்டச் சொல்லுங்கோ, எனக்குச் சப்பாத்து இறுக்குது." தொலைபேசியில் வாய்க்கு வாய் அப்பா என்றவள் நேரில் அவர் என்றாள். அவளுடைய அப்பா ஒரு குரல். எதிரே நின்ற வழுக்கைத் தலை மனிதர் வேறு யாரோ. அவரோ அவளுக்கு முன்னால் குரலே எழாமல், கோயிலுக்குள் கதைப்பதுபோல மெல்லக் கதைத்தார்.

"பிள்ளை வந்திட்டாள் தங்கச்சி" என்றார் ஒருநாள் என்னிடம். "இன்னும் வந்து சேரேல்லை."

லாவலில் மனைவியின் சொந்தக்காரர் ஒருவர் தன் கீழ்மாடியை வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். ஜூலை முதலாம் தேதி போவதென்று முடிவாயிற்று. மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறுவது அன்றைக்குத்தான்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முந்திய ஞாயிறு. மனைவி பூசைக்குப் போகப் புடவை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தா. மகள் பின்னறையில். நான் வழமைபோலக் குசினியில். அவர் வந்தார், பழக்க தோஷத்தில் கதிரையை இழுத்துத் தொலைபேசிக்குக் கீழே போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஆருக்கு எடுக்கப் போறியள் அண்ணை? ரெண்டு பேரும் உள்ளுக்கைதானே இருக்கினம்" என்றேன்.

அவர் சிரித்தார். எழுந்திருக்கவில்லை. கையை நீட்டிக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடந்த புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தார். கடற்கரைப் படம். பிறகு, அந்தக் கிழமைகளில் நான் கேட்கவே கேட்காத அவருடைய பழைய ஞாயிற்றுக்கிழமைக் குரலில், கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதுபோல, சுவரைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார்.

"வண்டி கடற்கரைக்கு வந்திட்டுதம்மா! தொப்பியன் இந்தப் படத்திலையும் இல்லை. ஓரத்துக்கு அங்கால வாறான். கால் நோகுது அவனுக்கு. ஆனால் கூப்பிடு தூரம்தான்! கூப்பிட்டுப் பாக்கிறான்..."

பின்னறைக் கதவு திறந்தது.

நான் கத்தரிக்காய் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தேன். அவள் வெறுங்காலோடு வந்து குசினி வாசலில் நின்றாள். முகம் கலங்கியிருந்தது. அவருடைய முதுகு மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அவருக்கு அவள் வந்தது தெரியும்; தோள் அப்படி விறைத்துப்போயிருந்தது. ஆனால் திரும்பவில்லை. திரும்பினால் லைன் அறுந்துவிடும் என்று பயந்திருப்பார். கத்திக்கொண்டே இருந்தார்.

அவள் இன்னும் கிட்ட வந்து, அவருடைய தோளில் ஒரு கையை ஊன்றி, மேலால் எட்டி அந்தப் படத்தை முதல் முதலாகப் பார்த்தாள். இத்தனை வருடம் காதால் மட்டும் கேட்ட படம்.

"அப்பா" என்றாள்.

அவருடைய குரல் நின்றது.

"அப்பா, இவன் இஞ்சதானே இருக்கிறான்."

அவளுடைய விரல் வண்டியின் மேல் இருந்த செப்புப் பானையில் போய் நின்றது. தக்காளிகளுக்கு நடுவே, ஒரு தக்காளிக்கு மட்டும் கூம்பு முனை இருந்தது. அதன் கீழே இரண்டு புள்ளிக் கண்.

"நான்... நான் அதைத் தக்காளி எண்டெல்லோ நினைச்சன்" என்றார் அவர்.

அவள் தாளைப் பின்பக்கமாகப் புரட்டினாள். பனி மலை. பானைக்குள் தொப்பி. சந்தை. பானைக்குள் தொப்பி. அந்தத் தவளைப் பாலம். பானை விளிம்பில் ஒரு குட்டிக் கையும் தெரிந்தது. புறப்பட்ட நாளின் படம். அதிலும் இருந்தான், சிறுமிக்கு முதுகுப் பக்கமாக, ஒரு சாண் தள்ளி.

"இவனை ஒருத்தரும் விட்டிட்டுப் போகேல்லை அப்பா. எல்லாப் படத்திலையும் கூடத்தான் வந்திருக்கிறான். நீங்கள்தான் காணேல்லை."

அவர் அழுதார். சத்தம் போட்டு அழுதார். அவள் அவருடைய தோளில் இருந்து கையை எடுக்கவில்லை. நானும் அழுதேன், அன்று வெங்காயம்கூட வெட்டியிருக்கவில்லை. மனைவி பாதிச் சேலையோடு ஓடிவந்து, யாருக்கு என்ன என்று தெரியாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தா.

கொஞ்சம் ஆறியதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசித் தாளில் இருந்த நீலக் கிளிப்பில் கை வைத்தார். எத்தனை வருடம் காத்திருந்த தாள்!

அவள் அவருடைய கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அப்பா. மிச்சம் வாற ஞாயிறு."

அந்த வாற ஞாயிறு நாங்கள் ரொறன்ரோவில் இருந்தோம். என் கணவரின் பக்கத்துக் கலியாணம், தவிர்க்க முடியாது. தாலி கட்டும் நேரத்தில் நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அது அவளுக்கென்று வைத்திருந்த மிச்சம். எனக்கு அதில் என்ன பங்கு?

ஜூலை முதலாம் தேதி தெரு முழுக்க லொறிகள். எங்கள் வாசலில் நின்ற வாடகை லொறியின் முன்னிருக்கையில் மகள் ஏறி உட்கார்ந்தாள், மடியில் பெரிய சோற்றுப் பானை. அதற்குள்ளிருந்து அந்தப் படப்புத்தகத்தின் மூலை எட்டிப் பார்த்தது. வழியனுப்ப வந்த சின்யோரா அதைக் கண்டதும் பானையில் இரண்டு தட்டுத் தட்டி, "இசி, இசி!" என்று சிரித்தா. கராஜும், அகப்பையும், நான் நக்கிய கரண்டியும் நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"போட்டு வாறம் தங்கச்சி. கனக்கக் கதைக்கக் கிடக்கு. பேந்து கதைப்பம்."

லொறி மூலையில் திரும்பும் வரை நின்றேன்.

உள்ளே போனபோது பின்னறை வெறுமையாக இருந்தது. நான்காவது சுவருக்குப் பூச்சு இல்லை. குசினி மேசையில் அவருடைய கோப்பை, அடியில் ஒரு மிடறு. தொலைபேசியின் சுருள் வயரில் அந்த நீலக் கிளிப்பைக் கவ்வ விட்டுப் போயிருந்தார்கள். அப்படியென்றால் பார்த்துவிட்டார்கள். அந்த ஞாயிறு, நான் இல்லாத குசினியில், அப்பாவும் மகளுமாக அந்தத் தாளைத் திறந்து பார்த்துவிட்டார்கள். நல்லது என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து ஞாயிறு காலைகளில் எங்கள் குசினியில் சத்தமில்லை. அந்தக் கிளிப்பை எடுத்து உடுப்புக்குப் போட எனக்குக் கை வரவில்லை. வயரிலேயே கிடந்தது. ஒரு ஞாயிறு நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டு என் கணவர் சொன்னார்:

"உதுக்கேன் இவ்வளவு யோசிக்கிறாய்? கீழ சின்யோரா இருக்கிறா. போய்க் கேட்டால் முடிவைச் சொல்லுவா தானே."

சொல்லுவா. பானையில் தட்டித் தட்டி, கையால் காட்டி, விளங்கும் வரை சொல்லுவா.

"கிடக்கட்டும்" என்றேன். "பேந்து கேப்பம்."